நெப்போலியன் குதிரைக்கு லாடம் அடிச்சது யாரு?

வா கண்ணு, வா. கழுத்துல தொங்கற அட்டையக் கழட்டக்கூட நேரமில்லாம நேரா இங்கயே வந்துட்டயாட்ட இருக்குது. சந்தையில வெலை முடிஞ்ச மாட்டுக்குத்தான் இப்படிக் கழுத்துல அடையாளங் கட்டி அனுப்புவாங்க. கோவிச்சுக்காதே, அப்பாரு சும்மா சொன்னேன். திண்ணையில உக்காரு. அம்மிணி, உன்ற பேரனுக்கு ஒரு சொம்பு மோரு கொண்டா. ரண்டு நாளா ஏசி ரூமுல சண்டை போட்டுட்டு வந்திருக்கறான்.

என்ன வகுப்புன்னு சொன்னே? மாவீரர்கள் சொல்லித்தர்ற வியாபார வியூகமா? பேரு நல்லாத்தான் வெச்சிருக்கறாங்க. கட்டணம் ஆளுக்கு 12,000 ரூவா, மத்தியானச் சோறு சேத்தி. எத்தன பேரு வந்தீங்க? அறுபதா? அப்ப 7,20,000 ரூவா. நெப்போலியன் சேத்துலயும் பனியிலயும் பொரண்டு சண்டை போட்டான். அவன் கதையச் சொன்ன ஆளு கோட்டு கசங்காம வாரிக் கட்டிக்கிட்டுப் போயிட்டாரு. அந்த ரூமுல வியாபாரந் தெரிஞ்ச ஒரே ஆளு மேடையில நின்னவருதான் சாமி. அதையாச்சும் கத்துக்கிட்டு வந்திருந்தீன்னா உனக்கு மாலை போட்டிருப்பேன்.

செரி, பாடத்தச் சொல்லு. எதிராளி ரோசனை பண்றதுக்குள்ள அடி, ஒரே நேரத்துல ஏழு பக்கம் எறங்கு. அதனால பெருந்துறையில ஒண்ணு, திருப்பூருல ஒண்ணுன்னு ரண்டு செக்கெண்ணெய்க் கடை வெச்சிருக்கறது உனக்குப் பத்தாது. ஒரே வருசத்துல இன்னும் ஏழு. அதுல ரண்டு மெட்ராசுல. பேங்குல கடனுக்கும் எழுதிக் குடுத்தாச்சு. ஆகட்டும், ஆகட்டும். வீட்டுக்கொரு நெப்போலியன் இருக்கறது நல்லதுதான்.

நானென்ன, ஏழாவதோட நின்னவன். கண்ணபுரம் தேர்த்தாவணியில மாட்டக் கவுத்துப் போட்டு லாடம் அடிச்ச கை இது. ஆனா நீ போன மாசம் மேலட்டை வழவழன்னு ஒரு பொஸ்தகம் வாங்கியாந்து போட்டியே, நீ ஒரு பக்கமும் பொரட்டல. நான் பொரட்டிட்டேன். அது பத்தாம நூலகத்துல இன்னும் நாலு எடுத்தாந்தேன். அதனால சித்தெ காதக் குடு. தப்பாச் சொன்னா உன்ற வாத்தியாருக்குப் போன் போட்டுக் கேட்டுக்க.

நெப்போலியன் சாமானியன்னு நான் சொல்ல மாட்டேன். 1805-ல ஆஸ்டர்லிட்சுன்னு ஒரு எடம். அங்க ஒரு மேடு. அந்த மேட்டை அவனே உட்டுக் குடுத்துட்டு, வலது பக்கத்துல ஆளக் கொறைச்சு, நோஞ்சானாட்ட நின்னான். ரஷ்யாக்காரனும் ஆஸ்திரியாக்காரனும் ஆசையா மேட்டை உட்டு எறங்குனாங்க. எறங்கி முடியறதுக்குள்ள இவன் நடுவால ஏறி மேட்டப் புடிச்சுட்டான். மாட்டுத்தாவணியில சுழி பாக்கற மாதிரி முகத்தத் திருப்பிக்கிட்டே வெலையக் கொறைப்பானே தரகன், அந்த வித்தைதான். இத உனக்குச் சொல்லிக் குடுத்தாங்களா? குடுத்தாங்க. செரி.

அதுக்கு முந்தி ரண்டு மாசத்துல பிரான்சுக் கடக்கரையிலிருந்து தெக்கு ஜெர்மனி வரைக்கும் பட்டாளத்த நடத்திக் கூட்டிப் போனானே, அந்த வேகம் எங்கிருந்து வந்துதுன்னு சொல்லிக் குடுத்தாங்களா? அதச் சொல்லல பாத்தியா. அது அறுப்புக் காலம். வழியெல்லாம் பணக்கார ஊரு, களத்துமேடு நெறைய தானியம். சோத்து மூட்டையத் தூக்கிக்கிட்டு நடக்க வேண்டியதில்ல. போற வழியில எவன் களஞ்சியமோ அதுதான் சமையக்கட்டு. வேகத்துக்குக் காரணம் இவன் மூளை பாதி, அடுத்தவன் தானியம் பாதி. கடன்ல சரக்கு எடுத்து ரொக்கத்துக்கு விக்கறவனுக்கும் கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் வேகமா ஓடற மாதிரி இருக்கும் கண்ணு. மொகத்த ஏன் சுளிக்கறே? நான் நெப்போலியனைத்தான் சொல்றேன்.

இப்ப 1812-க்கு வருவோம். ரஷ்யா மேல எதுக்குப் போனான்? மண்ணாசை, பொண்ணாசைன்னு நெனைக்காதே. அது கடைச் சண்டை. 1806-லயே உத்தரவு போட்டுட்டான்: ஐரோப்பாவுல எவனும் இங்கிலீசுக்காரன் சரக்கத் தொடக்கூடாதுன்னு. எதிர்க்கடையில எவனும் வாங்கக்கூடாதுன்னு ஊருக்கே வேலி போடற வேலை. ஜனம் கேக்குமா? காப்பியும் சக்கரையும் கள்ளத்தனமா வந்துக்கிட்டேதான் இருந்துது. கடைசியில இவனே லைசென்சுக்குக் காசு வாங்கிக்கிட்டு இங்கிலாந்தோட யாவாரம் பண்ண வழி உட்டான். வேலி போட்டவனே கடவு வெச்சு டிக்கெட் கிழிச்ச கதை. இதுல ரஷ்யாவுல ஜார் மன்னன் அலெக்சாந்தர் 1810 கடைசியில, இந்த வேலி எனக்குக் கட்டுப்படியாகாதுன்னு நழுவிக்கிட்டாரு. எதிர்க்கடைக்குப் போன ஒரு வாடிக்கைக்காரனை மெரட்டறதுக்குப் பட்டாளத்தக் கெளப்புனான் இவன். உன்ற வாத்தியாரு இதத்தான் "சந்தையைக் கைப்பற்றுவது"ங்கறாரு.

அவனுக்குப் புத்தி சொல்ல ஆளில்லாமப் போகல. கோலன்கூர்ன்னு ஒரு மனுசன், குதிரை லாயத்துக்கெல்லாம் பெரிய அதிகாரி. ரஷ்யாவுல தூதரா நாலு வருசங்கிட்ட குப்பை கொட்டிட்டு 1811-ல திரும்புனவரு. வந்த அன்னைக்கே உக்காந்து மணிக்கணக்காச் சொன்னாரு: வேண்டாமுங்க, அந்த ஊரு குளுரும் தூரமும் வேற, அவன் சண்டைக்கு நிக்க மாட்டான், உள்ள இழுத்துக்கிட்டே போவான்னு. கேட்டானா? ஊரையறிஞ்சவன் பேச்சு ஊர்ப்பக்கமே போகாதவனுக்குப் பயந்தாங்கொள்ளிப் பேச்சாத்தான் தெரியும். நீ மெட்ராசுக் கடை வாடகை என்னன்னு உன்ற சித்தப்பன்கிட்டக் கேட்டியா? கேக்கல.

ஆனா அவனும் கண்ண மூடிக்கிட்டுப் போகல, அதையும் சொல்லோணும். கெடங்கு கெடங்கா மாவும் தானியமும் சேத்து வெச்சான். குதிரைக்குப் பச்சப்புல்லு வளரட்டும்னு ஜூன் கடைசி வரைக்கும் பொறுத்திருந்தான். ஜூன் 24-ந் தேதி நீமன் ஆத்தத் தாண்டுனான். வண்டியெல்லாம் கனமான வண்டி, நல்ல ரோட்டுக்குச் செஞ்சது. அங்க ரோடுங்கறது ஒரு பேச்சுக்குத்தான். ஆத்தத் தாண்டி ஒரு வாரத்துக்குள்ள மழை அடிச்சு ஊத்துது, வண்டி அச்சு வரைக்கும் சேத்துல எறங்கிப்போச்சு. காஞ்ச தீனி தின்னு பழகுன குதிரைக்குப் பச்சக் கம்பங்கதிராட்ட முத்தாத தானியத்த அறுத்துப் போட்டாங்க. வயிறு ஊதிப்போச்சு. வில்னாவுக்குப் போறதுக்குள்ள பத்தாயிரம் குதிரை போல செத்து வழியில கெடந்துது. இன்னும் ஒரு பெரிய சண்டைகூட ஆரம்பிக்கல, கவனிச்சுக்க.

எங்கூட அந்தியூர்த் தேருக்கு வந்திருக்கறயில்ல? ஆடி மாசம் குருநாதசாமி கோயில்ல குதிரைச் சந்தை. எவ்வளவு துடிப்பான குதிரையா இருந்தாலும், வாங்கறவன் மொதல்ல எதப் பாப்பான்? காலத் தூக்கிக் குளம்பப் பாப்பான். அப்பறம் சாணியப் பாப்பான். பிடரியையும் நெத்திச் சுட்டியையும் பாத்து வாங்கறவனை வித்தவன் கடைசி வரைக்கும் மறக்க மாட்டான்.

எதிராளி என்ன பண்ணுனான்? பார்க்ளேங்கற தளபதி பின்னால பின்னால போய்க்கிட்டே இருந்தாரு, போறப்பக் கெடங்கையெல்லாம் கொளுத்திப்போட்டு. சொந்த ஊருக்காரனே அவரைக் கோழைன்னு ஏசுனான். அவரை எறக்கிட்டு குத்தூசோவை ஏத்துனாங்க. அறுபது தாண்டுன கெழவன், ஒரு கண்ணு பழுது, குதிரை மேல ஏறறதே பாடு, கோச்சு வண்டியிலதான் போக்குவரத்து. அந்தக் கெழவனும் என்ன பண்ணுனான்? செப்டம்பர் 7-ல பொரோதினோவுல ஒரு பெரிய சண்டையப் போட்டுட்டு மறுபடியும் பின்னாலதான் போனான். ஒரே நாள்ல ரண்டு பக்கத்தலயுமா எழுபதாயிரம் பேரு செத்தும் காயப்பட்டும் கெடந்தாங்க. செயிச்சது யாருன்னு கேட்டா நெப்போலியனுன்னுதான் எழுதோணும். கெழவன் மாஸ்கோவையே உட்டுட்டுப் போயிட்டான். ஊரு போனாப் போகுது, பட்டாளம் இருந்தா ஊரு திரும்ப வருமுன்னு.

14-ந் தேதி இவன் மாஸ்கோவுக்குள்ள போறான். சாவியத் தட்டுல வெச்சுக்கிட்டுப் பெரியமனுசனுங்க வருவாங்கன்னு காத்துக்கிட்டு நின்னான். ஒரு காக்கா வரல. ராத்திரியிலிருந்து ஊரு பத்திக்கிட்டு எரிஞ்சுது. நாலு நாள் எரிஞ்சு, முக்காவாசி ஊரு சாம்பலாச்சு. இப்பச் சொல்லு கண்ணு, திறப்புவிழாவெல்லாம் தடபுடலா முடிஞ்சுது, வாங்கறதுக்கு ஆளில்ல. என்ன பண்ணுவே?

அவன் லெட்டர் எழுதுனான். ஜார் மன்னனுக்கு, சமாதானமாப் போலாமுன்னு. பதில் இல்ல. குத்தூசோவ் கூடாரத்துக்கு ஆளனுப்புனான். கெழவன் மரியாதையாப் பேசி, மேல சொல்றமுங்கன்னு அனுப்பி வெச்சான். அதுக்கும் பதில் இல்ல. மொத்தம் 35 நாள். ஐரோப்பாவையே குதிரைக் குளம்புல மிதிச்சவன் தபாலுக்குக் காத்திருந்தான். ஏசுனா ஏசிட்டுப் போயிடலாம், சண்டைக்கு வந்தாச் சண்டை போடலாம். பேசாம இருக்கறவனை என்ன பண்றது? இத நல்லா மனசுல முடிச்சுப் போட்டு வெய்யி, கடைசியில இதுக்குத் திரும்பி வருவேன்.

அக்டோபர் 19-ந் தேதி கெளம்புனான். பட்டாளத்துக்குப் பின்னால கொள்ளையடிச்ச சாமானெல்லாம் ஏத்தி ஆயிரக்கணக்கான வண்டி. படம், பட்டு, வெள்ளிப் பாத்திரம். தீனி ஏத்துன வண்டி எத்தனைன்னு கேட்டா மட்டும் எவனும் வாயத் தொறக்கல. தெக்கால புதுவழியாப் போகலாமுன்னு பாத்தான், மாலோயரோஸ்லாவெட்சுல கெழவன் மறிச்சுட்டான். வந்த வழியே திரும்புனாங்க. போறப்ப ஒரு மணி உடாமத் தொடச்சுத் தின்ன அதே வழி. பொரோதினோ மைதானத்துல ஏழு வாரமாப் பொதைக்காமக் கெடந்தவங்களைத் தாண்டித்தான் போகோணும்.

நவம்பர்ல பனி விழுந்துது. இங்கதான் என்ற தொழிலு வருது.

மாட்டுக்கு லாடங்கட்டறப்பப் பாத்திருக்கறயா? நாலு காலையுங் கவுத்துல சுருக்கிக் கவுத்துப் போட்டு, குளம்ப உளியில சீவி, பிளந்த குளம்புக்கு ரண்டு ரண்டா எட்டு லாடம். ஆணி வெளிப்பக்கமாச் சாஞ்சு எறங்கோணும். உள்ள சாஞ்சு சதையத் தொட்டா மாடு மூணு நாளைக்கு நொண்டும். மேட்டாங்காட்டு ரோட்டுக்கு ஒரு லாடம், சேத்துக்கு ஒண்ணு. ஐஸ்கட்டி மேல நடக்கோணும்னா லாடத்துக்கு அடியில கூரா முள்ளு வெச்சு அடிக்கோணும். அத அடிக்காம அந்தப் பட்டாளத்துக் குதிரைய நடத்துனாங்க. சரிவுல ஏற முடியாது, எறங்க முடியாது, உழுந்தா எந்திரிக்காது. குதிரை போனாப் பீரங்கி போச்சு, சோத்து வண்டி போச்சு, முன்னால எதிரி எங்க இருக்கறான்னு பாத்துட்டு வர்ற ஆளும் போச்சு. குதிரை கீழ தள்ளுனதும் இல்லாமக் குழியும் பறிச்சுதாங்கற பழமொழி அவனுக்குன்னே பொறந்துது.

ஒருத்தரு மட்டும் முன்கூட்டியே தன் பொறுப்புல இருந்த குதிரைக்கெல்லாம் முள்ளு லாடம் அடிச்சு வெச்சிருந்தாரு. யாருன்னு நெனைக்கறே? அந்தக் கோலன்கூர்தான். புத்தி சொன்னப்ப ஏளனம் பண்ணுனாங்களே, அவரேதான். ராசாவோட குதிரைங்க கடைசி வரைக்கும் நடந்துது. நாலு லாடத்துல ஒரு சாம்ராஜ்யம் நின்னிருக்குமான்னு கேக்காதே. நாலு லாடத்தப் பத்தி நெனைக்காதவன் வேற எதப் பத்தியெல்லாம் நெனைக்காம உட்டிருப்பான்னு கேளு.

இன்னொருத்தரையும் சொல்லோணும். எப்ளேன்னு பாலங்கட்டற படைக்குத் தலைவரு. சுமை எச்சாயிருக்குது, பாலஞ்சாமான் வண்டியெல்லாம் கொளுத்துன்னு நெப்போலியன் உத்தரவு. அந்த மனுசன் ரண்டு கொல்லுப்பட்டறை, கரி ரண்டு வண்டி, கருவிச் சாமான் ஆறு வண்டி, இதை மட்டும் சத்தங்காட்டாமக் காப்பாத்தி வெச்சுக்கிட்டாரு. நவம்பர் கடைசியில பெரெசினா ஆத்தங்கரை. முன்னாலயும் ரஷ்யாக்காரன், பின்னாலயும் ரஷ்யாக்காரன். எப்ளேவோட ஆளுங்க ஐஸ் மெதக்கற தண்ணியில நெஞ்சு முட்ட எறங்கி ரண்டு மரப்பாலம் போட்டாங்க. எறங்குனதுல பெரும்பாலானவங்க உசுரோட ஊரு திரும்பல. எப்ளேவும் அந்த வருசக் கடைசியோட செத்துப்போனாரு. நெப்போலியன் உசுரோட தாண்டுனான்னா அதுக்குக் காரணம் அவன் உத்தரவைக் கேக்காத ஒரு கொல்லன். உன்ற திருப்பூர்க் கடையில அந்தக் கணக்குப்புள்ளை எதுக்கெடுத்தாலும் குறுக்க பேசறாருன்னு அனுப்பிப்போடலாமுன்னு இருக்கறயில்ல? அனுப்பு. பெரெசினா வரைக்கும் பொறுத்துட்டு அனுப்பு.

டிசம்பர் 5-ல நெப்போலியன் பட்டாளத்த உட்டுட்டு வண்டியேறிட்டான், 18-ல பாரிசு. கூடப் போனது அதே கோலன்கூர். மினார்டுன்னு ஒரு எஞ்சினீயர் 1869-ல இதையெல்லாம் ஒரே படமா வரைஞ்சு வெச்சாரு. உன்ற போனுல எடு. பாரு, கெளம்பறப்ப 4,22,000 பேரு, செக்கு ஒலக்கையாட்டத் தடியா ஒரு பட்டை. மாஸ்கோவுல 1,00,000. திரும்பி வந்தப்ப 10,000, தலைமுடியாட்ட ஒரு கோடு. எல்லாரும் பனி மேல பழியப் போடுவாங்க. மாஸ்கோ போறப்பவே பட்டை எப்படி இளைச்சுப் போச்சுன்னு பாரு, அப்பப் பனியே விழுகல. பசி, சீக்கு, சண்டை, ஓட்டம். அதுபோக, புடிச்ச ஊருக்கெல்லாங் காவலுக்கு ஆள உட்டுக்கிட்டே போகோணும். ஒவ்வொரு கிளைக்கும் ஒரு மேனேசர், ஒரு அட்வான்சு, ஒரு கரண்டு பில்லு. ஆனை அசைஞ்சு தின்னும், வீடு அசையாமத் தின்னும்.

அதுக்குன்னு அவன்கிட்டக் கத்துக்க ஒண்ணுமே இல்லைன்னு சொல்லல. 1803-ல லூசியானாவ அமெரிக்காவுக்கு ஒன்றரைக் கோடி டாலருக்கு வித்தானே, அதுதான் அவன் செஞ்ச நல்ல யாவாரம். கடலுக்கு அந்தப்பக்கம், காவல் காக்க முடியாத காடு. வெலை வர்றப்பக் கையக் கழுவிட்டான். அத வாங்க அமெரிக்காக்காரன் கடனுக்குப் பத்திரம் போட்டான், அதப் பொரட்டிக் குடுத்ததுல ஒரு லண்டன் பேங்கும் உண்டு. எதிரி ஊட்டுப் பேங்குப் பணத்துலயே எதிரியோட சண்டைக்குச் செலவு! வகுப்புல இதச் சொன்னாங்களா? கடையத் தொறக்கறதுக்குத்தான் வகுப்பு நடத்துவாங்க, மூடறதுக்கு நடத்துனா எவன் 12,000 குடுப்பான்?

இப்ப அவனத் தோக்கடிச்ச இங்கிலீசுத் தளபதி வெல்லிங்டனுக்கு வா. அந்த ஆளு மாட்டோட அருமைய நம்ம பக்கந்தான் கத்துக்கிட்டான். 1799-ல மெட்ராசுப் பட்டாளத்தோட சீரங்கப்பட்டணத்துச் சண்டைக்குப் போனவன். லம்பாடிங்க பொதிமாட்டுல தானியம் ஏத்திக்கிட்டுக் கூடவே போனாங்க. ஹைதரும் திப்புவும் பீரங்கி இழுக்க வளத்த அமிர்தமஹால் காளை, நம்ம காங்கயத்துக்குப் பங்காளி முறைன்னு வெச்சுக்க, அது இவங்க கைக்கு வந்துது. அவன் எழுதுன கடுதாசியில பாதி அரிசி, மாடு, மாட்டுக்காரன் சம்பளம். சிப்பாய்த் தளபதின்னு நெப்போலியன் அவனைக் கேலி பண்ணுவான்.

அந்தச் சிப்பாய்த் தளபதி 1813 கடைசியில ஸ்பெயின் தாண்டி பிரான்சுக்குள்ளயே நொழைஞ்சான். எதிரி மண்ணு. அள்ளிக்கலாம். அள்ளல. கொள்ளையடிச்சாங்கன்னு கூட வந்த ஸ்பெயின் பட்டாளத்துல பெரும்பகுதியத் திருப்பி அனுப்பிட்டான். வாங்குன ஒவ்வொரு மூட்டைக்கும் ரொக்கம். ஆனா கையில இருந்துது ஸ்பெயின் வெள்ளிக்காசு. பிரான்சுக் குடியானவன் அத நம்ப மாட்டேங்கறான். என்ன பண்ணுனான் தெரியுமா? தன்ற பட்டாளத்துலயே கள்ளக்காசு அடிச்சுப் பழக்கமிருக்கறவன் எவனாச்சும் இருந்தா வாங்கடா, தண்டனை கெடையாதுன்னான். வந்தானுங்க, நெறையவே வந்தானுங்க! பட்டறை போட்டு அதே வெள்ளியப் பிரான்சு அஞ்சு பிராங்கு காசா அடிச்சாங்க, எடை கொறையாம, வெள்ளி கொறையாம. குடியானவன் தானா வந்து தானியம் போட்டான். தன் ராசாவோட பட்டாளத்துக்கு ஒளிச்சு வெச்சதை எதிரி பட்டாளத்துக்கு எடுத்தாந்து குடுத்தான். நெப்போலியன் ஊருல நெப்போலியனை விட வெல்லிங்டனுக்கு நல்ல பேரு. காரணம் வாளில்ல கண்ணு, பாக்கி வெக்காதது.

மோரு அப்படியே இருக்குது, குடி. குடிச்சுக்கிட்டே கேளு.

நேத்து நீ வியூகம் படிச்சுக்கிட்டிருந்தப்ப, தாராபுரத்துப் பக்கமிருந்து உனக்குக் கடலை போடறவரு வந்தாரு. ரண்டு மாசப் பாக்கின்னு நீதான் சொன்னே. இதே திண்ணையில, நீ உக்காந்திருக்கற எடத்துலதான் உக்காந்தாரு. மோரு குடிச்சாரு. மழை தண்ணியப் பத்திப் பேசுனாரு. பையன் சவுக்கியமுங்களான்னு கேட்டாரு. பணத்தப் பத்தி ஒத்த வார்த்த பேசல. துண்டை ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிட்டாரு.

அதான் எனக்கு வெசனமாப் போச்சு. பாக்கியக் கேட்டுச் சத்தம் போடறவன் உன்னோட இன்னும் யாவாரம் பண்ணோணும்னு நெனைக்கறான். கேக்காமப் போறவன் வேற செக்குல பேசி முடிச்சுட்டான்னு அர்த்தம். நீ உன்ற மெட்ராசுல கடை தொறந்து, கண்ணாடிக் கதவெல்லாம் போட்டு, நம்ம கடலை எண்ணெய்ன்னு போர்டும் வெச்சு உக்காந்துக்கிட்டு, அந்தாளு போன எடுப்பாரா எடுப்பாரான்னு 35 நாள் பாத்துக்கிட்டிருப்பே.

எந்திரி. மணி அஞ்சாகல, பொழுதுக்குள்ள தாராபுரம் போயிடலாம். பேங்குக்காரனுக்கு நாளைக்குப் பதில் சொல்லிக்கலாம். பணம் ரொக்கமாக் கொண்டுபோ, எண்ணிக் கையில குடு. வெத்தலை பாக்கும் ஒரு சீப்புப் பழமும் வாங்கிக்க.

அப்பறம் சாமி, அந்தக் கழுத்து அட்டைய இங்கயே கழட்டி வெச்சுட்டுப் போ. அதோட போய் நின்னீன்னா, தன்ற கடலைப் பணம் எந்த வகுப்புக்குப் போச்சுன்னு அவரு கணக்குப் போட்டுருவாரு.